கல்லுக்கு மேற்கே போன கிணறு

ஐயாசாமியின் தோட்டத்துக்குத் தண்ணீர் பாயும் கிணறு இப்போது அவருடையது இல்லை. போன வருடம் ஆனி மாதம் வரை அதில் பாதி அவருடையதாக இருந்தது. யாரும் அவரை ஏமாற்றவில்லை. யாரோடும் சண்டை இல்லை. நான்கு மாதத்துக்கு ஒரு தடவை அரசாங்கம் விவசாயிகளின் வங்கிக் கணக்கில் போடுகிற இரண்டாயிரம் ரூபாயை வாங்கப் போய்த்தான் கிணறு போனது. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் நம்புவதில்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். எங்கள் தோட்டம் அவருடைய தோட்டத்துக்குக் கிழக்கே இருக்கிறது. பாதி நான் பார்த்தது, மீதி அவரும் அவர் மனைவி சென்னியம்மாளும் சொன்னது.

ஐயாசாமிக்கு வயது அறுபத்தொன்று. சூலூரிலிருந்து கிழக்கே ஏழு கிலோமீட்டரில் எங்கள் ஊர். விமானப்படை விமானம் தாழ்வாகப் போகும்போது மாடுகள்கூடத் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை, அவ்வளவு பழகிவிட்டது. ஊரில் பாதிப் பேர் தறி ஓட்டுகிறார்கள். மீதிப் பேரின் பிள்ளைகள் திருப்பூருக்கும் பெருந்துறைக்கும் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். ஐயாசாமி எங்கேயும் போகவில்லை. காலை ஐந்தரைக்குப் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்கினால் பொழுது சாயும் வரை அங்கேதான் இருப்பார். ஒரே மகள் லோகப்பிரியாவைத் தாராபுரத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்.

அவருடைய அப்பாவுக்கு நான்கு ஏக்கர் பன்னிரண்டு சென்ட் இருந்தது. இருபத்தெட்டு வருடம் முன்னால் அப்பா இறந்தபோது அண்ணன் குமாரசாமிக்கு மேற்கே பாதி, தம்பி ஐயாசாமிக்குக் கிழக்கே பாதி என்று பெரியவர்கள் நான்கு பேர் முன்னிலையில் வாயால் பேசி முடித்தார்கள். நடுவில் அப்பா வைத்த தென்னை வரிசைதான் எல்லை. அந்த வரிசையின் வடகோடியில் கிணறு. எண்பது அடி, உள்ளே பக்கவாட்டில் போர் போட்டது, ஐந்து குதிரைத்திறன் மோட்டார். மூன்று நாள் அண்ணன் முறை, மூன்று நாள் தம்பி முறை. ஏழாவது நாள் யாருக்கு அவசரமோ அவர்கள் விட்டுக்கொள்வார்கள். பட்டாவையும் மின் இணைப்பையும் அப்பா பேரிலிருந்து அண்ணன் பேருக்கு மட்டும் மாற்றினார்கள், அது அப்படியே இருந்துவிட்டது. ஒரு வேலைக்கு ரெண்டு பேர் எதற்குத் தாலுகா ஆபீசுக்கு அலைவது என்று அப்போது நினைத்தார்களாம்.

இருபத்தெட்டு வருடத்தில் அந்த முறை ஒரு நாள்கூடத் தப்பியதில்லை. குமாரசாமிக்கு முழங்கால் தேய்ந்து, அவர் பங்கில் சோளத்தட்டுக்கு மேல் எதுவும் விளையாமல் போன பிறகும் அவருடைய மூன்று நாளில் ஐயாசாமி மோட்டாரைத் தொட மாட்டார். தன் வெங்காயம் வாடினாலும் தொட மாட்டார்.

ஊரில் மற்றவர்களுக்குப் பணம் வர ஆரம்பித்ததிலிருந்துதான் அவருக்குச் சங்கடம். பணம் ஏறுகிற அன்று ஆல்வின் பேக்கரியில் உட்கார்ந்திருந்தால் வரிசையாகப் போன் சத்தம் கேட்கும். குமாரசாமியின் போனுக்கு வரும். கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்திலிருந்து வந்து இங்கே மூன்று ஏக்கர் வாங்கிப் போட்ட நகைக்கடைக்காரருக்கு வரும். ஐயாசாமியின் போன் சட்டைப்பையில் பேசாமல் கிடக்கும்.

“ஏனுங்கண்ணா, உங்குளுக்கு மெசேஜ் வல்லீங்களா?” என்று ஆல்வின் டீயை வைத்துக்கொண்டே கேட்பார்.

“எனக்கு எங்க வருது. பட்டா அண்ணன் பேர்லயல்லோ இருக்குது.”

“அப்ப நீங்க விவசாயி இல்லீங்களா? சும்மா வெயில் காயறதுக்குத்தான் தெனமும் தோட்டத்துக்குப் போறீங்களாட்ட இருக்குது.”

எல்லோரும் சிரிப்பார்கள். ஐயாசாமியும் சிரிப்பார். வீட்டுக்குப் போய் அதைச் சென்னியம்மாளிடம் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டார்.

போன வருடம் சித்திரையில் பஞ்சாயத்து ஆபீசில் முகாம் போட்டார்கள். ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு அடையாள எண் கொடுக்கிறார்கள், அது இருந்தால்தான் இனிமேல் எந்த மானியமும் என்றார்கள். வேளாண்மைத் துறையிலிருந்து சண்முகப்ரியா என்ற அலுவலர் வந்திருந்தார். சின்ன வயதுதான். ஐந்து ஊர் அவர் ஒருவர் பொறுப்பு. காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. ஐயாசாமி ஆதார் அட்டையை நீட்டியதும் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “உங்க பேர்ல நெலமே இல்லைங்களே அய்யா,” என்றார்.

“நாப்பது வருசமா நாந்தானுங்க ஓட்டறேன்.”

“தெரியுதுங்கய்யா. கையப் பார்த்தாலே தெரியுது. கம்ப்யூட்டருக்குத் தெரியணுமில்லைங்களா? பட்டாவை உங்க பேருக்குப் பிரிச்சுட்டு வாங்க, அஞ்சு நிமிசத்துல போட்டுத் தர்றேன்.”

பின்னால் நூறு பேர் நின்றார்கள். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, அந்த அம்மாளும் சொல்லவில்லை.

அண்ணனிடம் பட்டாவைப் பிரிக்கலாமா என்று கேட்க ஐயாசாமிக்கு இருபது நாள் ஆனது. தினமும் பார்க்கிற அண்ணன்தான். ஆனால் ‘என் பங்கை என் பேருக்கு எழுது’ என்று கேட்டால் அண்ணனை நம்பவில்லை என்று ஆகிவிடும் என்பது அவருடைய பயம். கேட்கத்தான் போவார், மாட்டுக்கு ஊசி போட்டாச்சா என்று விசாரித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்.

“இன்னைக்கும் மாட்டைத்தான் கேட்டீங்களா?” என்று சென்னியம்மாள் கேட்பார். “அந்த மாட்டுக்கே இப்ப வெக்கமா இருக்குமுங்க.”

கடைசியில் ஒரு நாள் காலையில், வாய்க்காலைப் பார்த்தபடியே, அண்ணன் முகத்தைப் பார்க்காமலே கேட்டுவிட்டார். குமாரசாமி உடனே சரி என்றார். “இதுக்கா தம்பி இத்தன நாளா மொகத்தைச் சுளிச்சுட்டுச் சுத்துனே? நாளைக்கே போலாம். நானும் எத்தன நாளைக்கு இருக்கப்போறேன்.”

அண்ணன் மகன் கிருபாசங்கர் கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் உதிரிபாகம் செய்கிற சின்ன பட்டறை வைத்திருக்கிறார். அவரும் மறுப்புச் சொல்லவில்லை. “செஞ்சுருங்கப்பா, பின்னால குழப்பம் இருக்காது” என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

ஆனி மாதம் ஒரு புதன்கிழமை சூலூருக்குப் போனார்கள். பத்திரம் எழுதுகிற மைதீன் பிச்சைக்கு இருவரையும் பல வருடமாகத் தெரியும். எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். மேற்கே சரிபாதி இரண்டு ஏக்கர் ஆறு சென்ட், கிழக்கே சரிபாதி இரண்டு ஏக்கர் ஆறு சென்ட். அப்புறம் பேனாவை நிறுத்திவிட்டு ஐயாசாமியைப் பார்த்தார்.

“கெணறு பொதுன்னு ஒரு வரி எழுதிரட்டுங்களா? ஆளுக்குப் பாதி, மொறத்தண்ணி பாத்தியம்னு?”

குமாரசாமி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐயாசாமி அண்ணனை ஒரு தடவை பார்த்தார்.

“அட, அதெல்லாம் எதுக்குங்க? அண்ணனுக்கும் எனக்கும் தண்ணிக்குப் போயி எழுத்து வேணுங்களா? வேண்டாமுங்க.”

“எழுதறதுக்குக் காசு எச்சா ஆகாதுங்க,” என்றார் மைதீன் பிச்சை.

“காசுக்கு இல்லீங்க.”

மைதீன் பிச்சை இன்னொரு தடவை குமாரசாமியைப் பார்த்தார். குமாரசாமி மேல்துண்டால் முழங்காலைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேனா அடுத்த வரிக்குப் போய்விட்டது. முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம், எழுத்துக்கூலி எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்தை ஐயாசாமியே கொடுத்தார். “அஞ்சு வருசப் பணத்தை மொதல்லயே கட்டியாச்சு,” என்று சென்னியம்மாள் அன்று இரவு சொன்னாராம்.

நான் இதைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். வெளியூர்க்காரர்கள், ‘ஒரு வரி எழுதச் சொல்ல என்ன கஷ்டம்’ என்று கேட்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அண்ணன் முகத்துக்கு எதிரே ‘எழுதுங்க’ என்று சொல்வது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆவணியில் சர்வேயர் வந்து அளந்தார். அன்றைக்கு நானும் போயிருந்தேன். பத்திரத்தில் சரிபாதி என்று இருந்ததால் நிலத்தின் நடுவில் வடக்கு தெற்காக நேர்கோடு பிடித்தார். அப்பா வைத்த தென்னை வரிசையோ நேராக இல்லை. அவர் வாய்க்கால் போன போக்கில் வைத்திருக்கிறார். வடக்கே கொஞ்சம் மேற்காகவும் தெற்கே கொஞ்சம் கிழக்காகவும் அது சாய்ந்து கிடந்தது. இத்தனை வருடம் அது யார் கண்ணிலும் படவில்லை.

தென்கோடியில் கல் நட்டபோது மூன்று தென்னை புதிதாக ஐயாசாமி பக்கம் வந்தது. வடகோடியில் நட்டபோது கல் கிணற்றைத் தாண்டிக் கிழக்கே பதினெட்டு அடியில் விழுந்தது. கிணறு, மோட்டார் ரூம், தொட்டி எல்லாம் மேற்கே.

சர்வேயர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே, “கெணறு பொதுதானுங்களே? பத்திரத்துல இருக்குமில்லைங்களா?” என்றார்.

“இருக்குமுங்க,” என்றார் ஐயாசாமி. ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை என்று பின்னால் சொன்னார். வெளியாள் முன்னால் வீட்டு விஷயத்தைப் பேச வேண்டாம் என்றிருந்திருக்கும்.

சர்வேயர் போன பிறகு குமாரசாமி அந்தக் கல்லைக் கைத்தடியால் தட்டினார். “கல்லு எங்க இருந்தா என்ன தம்பி. தண்ணி மொற அப்படியேதான்.”

“ஆமாங்கண்ணா.”

“மூணு தென்னை உனக்கு லாபம்.” அண்ணன் சிரித்தார். தம்பியும் சிரித்தார்.

புதுப் பட்டா வந்தது. அடையாள எண்ணும் வந்தது. சண்முகப்ரியா சொன்னபடி ஐந்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிட்டார். ஐயாசாமி அதைக் கண்ணாடித்தாள் உறையில் போட்டு ரேஷன் கார்டோடு வைத்துக்கொண்டார். கார்த்திகையில் பணம் ஏறிய அன்று பேக்கரியில் நான்கு டீ குடித்தார். பொழுது சாயும் வரைக்கும் போன் சத்தம் போடவில்லை. பாட்டரி இல்லையோ என்று ஆல்வினே வாங்கிப் பார்த்தார். பாட்டரி இருந்தது.

மறுநாள் சூலூர் வேளாண்மை ஆபீசுக்குப் போனார். சண்முகப்ரியா நிறைய நேரம் கம்ப்யூட்டரில் தேடினார். அப்புறம் நாற்காலியை ஐயாசாமி பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அய்யா, ரெண்டாயிரத்துப் பத்தொம்பது பிப்ரவரிக்கு முன்னாடியே பட்டாவில பேர் இருக்கறவங்களுக்குத்தான் இந்தப் பணம். அதுக்கப்பறம் பேர் மாறுனா எடுக்காதுங்க. நீங்க போன ஆவணியிலதான மாத்தியிருக்கீங்க.”

“அது எங்கப்பன் சொத்துங்க அம்மணி.”

“தெரியுதுங்கய்யா. அப்பா பேர்ல இருந்து நேரா உங்க பேருக்கு வந்திருந்தா எழுதிப் பார்க்கலாம். இது உங்க அண்ணன் பேர்ல இருந்து வந்ததா இருக்குது. நான் மேல எழுதறேன். ஆனா வருமுன்னு என்னால சொல்ல முடியாது. அன்னைக்கே இதையும் சொல்லியிருக்கணும். கூட்டத்துல சொல்லாம உட்டுட்டேனுங்க.”

“உங்கமேல என்ன தப்புங்க. பாவம், நீங்க அஞ்சு ஊரு பார்க்கறீங்க,” என்று சொல்லிவிட்டு ஐயாசாமி எழுந்தார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டார். கை காட்ட மறந்துவிட்டது என்றார்.

அந்த வருத்தம் பெரிய வருத்தம் இல்லை. வராத பணம் வரவில்லை, அவ்வளவுதான் என்று அவரே சொல்லிக்கொண்டார். முறைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தை பிறந்ததும் முக்கால் ஏக்கரில் சின்ன வெங்காயம் நட்டார். எழுபது நாள் பயிர்.

நட்டு எட்டாவது நாள் கிருபாசங்கர் கார் எடுத்துக்கொண்டு வந்தார். மிக்சர், ஆப்பிள் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார். சித்தப்பா வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்தார். பட்டறைக்கு ஆர்டர் குறைந்துவிட்டது, வங்கிக்காரன் தினமும் போன் செய்கிறான் என்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

“சித்தப்பா, மேக்கால பங்கைக் குடுத்தர்லாம்னு இருக்குதுங்க. குடோன் கட்டறவங்க கேக்கறாங்க. அட்வான்ஸ் வாங்கியாச்சு. சித்திரையில பதிவு.”

ஐயாசாமி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கெணத்தை மூடி மேடாக்கித் தரச் சொல்றாங்க சித்தப்பா. அவங்க வக்கீல் பத்திரத்தைப் பார்த்துட்டு ஒரு வில்லங்கமும் இல்லைன்னுட்டாரு. நீங்க ஒரு போர் போட்டுக்குங்க. நான் பாதிச் செலவு தர்றனுங்க.”

எங்கள் பக்கம் ஆயிரத்து இருநூறு அடிக்குக் கீழே போனாலும் தண்ணீர் வராமல் புழுதிப் புகை மட்டும் வருகிற போர்கள் நிறைய இருக்கின்றன. இது கிருபாசங்கருக்கும் தெரியும். அவர் ஆப்பிள் பையைப் பார்த்துக்கொண்டே பேசினார். எனக்கு இதில் யார் மேல் கோபப்படுவது என்று இன்னும் தெரியவில்லை. கடன்காரன் வாசலில் நின்றால் யாரும் இருக்கிறதைத்தான் விற்பார்கள்.

கார் போனதும் சென்னியம்மாள் வாசலில் நின்றபடியே சொன்னார். “இப்பவாவது போயிக் கேளுங்க. மாட்டைக் கேக்காம கெணத்தைக் கேளுங்க.”

ஐயாசாமி சட்டையைப் போட்டுக்கொண்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனார். குமாரசாமி கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, கெணத்துப் பாத்தியத்தை எழுதிக் குடுங்க.”

அதற்கு முன்னால் அவர் அண்ணனிடம் ‘குடுங்க’ என்று எதையும் கேட்டதில்லை.

குமாரசாமி தைல பாட்டிலை மூடினார். மூடி சரியாகச் சேரவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அன்னைக்கு மைதீன் கேட்டாரே தம்பி. நீ வேண்டாம்னுட்டே.”

“நீங்க ஒக்காந்திருந்தீங்க. நான் எப்படீங்கண்ணா எழுதச் சொல்றது?”

“நீ சொல்லுவேன்னுதான் நானும் பார்த்துட்டிருந்தேன். நானா எழுதச் சொன்னா, பின்னால தண்ணியை நிறுத்திப்போடற நெனப்பு அண்ணனுக்கு இருக்குதாட்டன்னு நீ நெனச்சுக்குவியோன்னு இருந்தது.” பாட்டிலைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, “அன்னைக்கு எழுதியிருந்தா குடோன்காரனே வந்திருக்க மாட்டான். இன்னைக்கு எழுதுனா அட்வான்ஸைத் திருப்பிக் குடுக்கணும். பையன் அதை பேங்குல கட்டிப்போட்டான்,” என்றார்.

குமாரசாமி தலையணைக்கு அடியிலிருந்து நான்கு ஐநூறு ரூபாய் நோட்டை எடுத்தார். கார்த்திகையில் அவருக்கு வந்த பணம். “இதை நீ வெச்சுக்கோ. ஓட்டுனது நீ, பணம் எனக்கு வந்துட்டிருந்துச்சு. சித்திரையில எடத்தைக் குடுத்துட்டா எனக்கும் நின்னு போகும்.”

“வேண்டாமுங்கண்ணா,” என்றார் ஐயாசாமி. யோசிக்கும் முன்னே வாய் சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் சென்னியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார். “அந்த ஒரு வார்த்தையை உங்க வாயில இருந்து யாராச்சும் புடுங்கி எறிஞ்சா நல்லா இருக்கும்.”

குமாரசாமி மகனிடம் பேசினார். வாங்குகிறவர்களிடம் மகன் பேசினார். சித்திரைப் பதிவு வரைக்கும் கிணற்றைத் தொட மாட்டோம் என்றார்கள். கிடைத்தது அதுதான். ஐயாசாமி சுவரில் மாட்டியிருக்கிற காலண்டரைப் பார்த்தார். வெங்காயம் பங்குனி நடுவில் பிடுங்க வேண்டும். அதற்குத் தண்ணீர் போதும். அதற்கப்புறம் என்ன என்று அவர் யோசிக்கவில்லை, அல்லது யோசித்ததை யாரிடமும் சொல்லவில்லை.

மாசி மாதம் வெயில் சீக்கிரமே ஏறிவிட்டது. கிணற்றில் தண்ணீர் இரண்டு அடி இறங்கியது. வெங்காயம் கிழங்கு வைக்கிற பருவம். ஐயாசாமியின் மூன்று நாள் முறை திங்களோடு முடிந்தது, கடைசி நான்கு பாத்திக்குத் தண்ணீர் எட்டவில்லை. தாள் நுனி மஞ்சளாகிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை அவர் அந்தப் பாத்தி ஓரத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தார். நான் எங்கள் வேலி அருகே புல் அறுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பங்கில் தட்டுகூட இல்லை, காய்ந்த கட்டைதான். ஆனாலும் அன்று அண்ணன் முறை. அவர் மோட்டார் ரூம் பக்கம் திரும்பவே இல்லை.

குமாரசாமி கைத்தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாக வந்தார். வடகோடிக் கல்லில் கால் பெருவிரல் இடித்துவிட்டது. குனிந்து விரலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிமிர்ந்தபோது தம்பியின் வாடின பாத்தியைப் பார்த்தார்.

“தம்பி, இன்னைக்கு என்ற மொறையையும் நீயே உட்டுக்கோ. எனக்கு இங்க நனைக்கறதுக்கு ஒண்ணுமில்ல.”

ஐயாசாமி வாயைத் திறந்தார். வேண்டாம் என்ற அந்த வார்த்தை வரப்போகிறது என்றுதான் நான் நினைத்தேன். வாய் திறந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு மூடிக்கொண்டது.

“சரிங்கண்ணா,” என்றார்.

மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கல்லைத் தாண்டி மோட்டார் ரூமுக்குப் போனார். குமாரசாமி நொண்டிக்கொண்டே வாய்க்கால் மடைக்குப் போய், குனிய முடியாமல் குனிந்து, தன் பக்கம் திறந்திருந்ததைக் கையால் மண் தள்ளி அடைத்தார்.